உடைந்த ஸ்டட்டும் அசையாத நட்டும்: சிறிய காரின் பின்சக்கரத்தில் ஒரு நாள் வேலை

பஞ்சர் ஒட்டக் கொடுத்த சக்கரம் திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. டயர்களை இடம் மாற்றிப் போடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய ஆல்டோவின் இடப்பக்கப் பின்சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தேன். மூன்று நட்டுகள் முனகிக்கொண்டே வந்தன. நான்காவது கொஞ்சம் சுற்றியது, இறுகியது, பிறகு சட்டென்று இலேசாகிவிட்டது. சாக்கெட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் நட்டுக்குள்ளே பாதி ஸ்டட் (சக்கர நட்டு ஏறும் மரைக்கம்பி) உட்கார்ந்திருந்தது.

பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் (காற்றழுத்தத்தில் நட்டை முறுக்கும் கருவி) கண்மண் தெரியாமல் முறுக்கினால் இதுதான் நடக்கும். ஸ்டட் என்பது வெறும் போல்ட்டு அல்ல. நட்டை முறுக்கும்போது அது மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. நீண்ட உருக்கு மீண்டும் சுருங்கப் பார்க்கும் இழுவிசைதான் சக்கரத்தை ஹப்போடு, அதாவது சக்கரம் மாட்டப்படும் நடுப்பாகத்தோடு, பிடித்துவைக்கிறது. அளவுக்கு மேல் முறுக்கினால் நீண்டது நீண்டபடி நின்றுவிடும். அப்புறம் அது என்று முறியும் என்பது மட்டும்தான் கேள்வி. நட்டைக் கையால் நேராக ஏற்றாமல் கருவியை வைத்தே ஏற்றினால் மரை குறுக்கே ஏறிக்கொள்ளும். அதுவும் இங்கேதான் வந்து முடியும்.

ஒன்று போனால் மற்ற மூன்றையும் நம்பாதீர்கள். அவையும் அதே கையால் முறுக்கப்பட்டவை. போதாக்குறைக்கு முறிந்ததன் சுமையையும் சேர்த்துத் தாங்கியவை. அந்தச் சக்கரத்தின் நான்கு ஸ்டட்களையும் ஒரேயடியாக மாற்றிவிடுவது நல்லது. பிரித்து மாட்டும் உழைப்போடு ஒப்பிட்டால் ஸ்டட்டின் விலை ஒரு பொருட்டே அல்ல.

கழற்றும் முன் பாருங்கள்

ஸ்டட்டின் தலை ஹப்பின் பின்புறத்தில் இருக்கும். தலையை ஒட்டிய பகுதியில் நீளவாக்கில் பற்கள் வெட்டியிருக்கும். அந்தப் பற்கள் துளையின் சுவரைக் கவ்விக்கொள்வதால்தான் நட்டை முறுக்கும்போது ஸ்டட் கூடவே சுழல்வதில்லை. ஆகவே முன்பக்கமாக இழுத்து அதை எடுக்க முடியாது; பின்பக்கமாகத் தள்ளித்தான் எடுக்க வேண்டும். பின்பக்கம் இடமிருக்கிறதா என்பதைப் பொறுத்தே உங்கள் வேலை அரை மணி நேரமா, அரை நாளா என்பது முடிவாகும்.

சில கார்களில் ஹப்பை மெல்லச் சுழற்றினால், பின்னாலுள்ள தகட்டில் ஏதோ ஓரிடத்தில் வெட்டோ பள்ளமோ தட்டுப்படும். ஸ்டட்டை அங்கே கொண்டுவந்து தள்ளி எடுத்து, புதியதையும் அதே வழியாக நுழைத்துவிடலாம். ஹப்பை நடுவில் பிடித்திருக்கும் பெரிய அச்சு நட்டைத் தொடவே வேண்டியதில்லை. டார்ச் விளக்கோடு இதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். பார்க்காமல் அச்சு நட்டோடு மல்லுக்கட்டியவர்கள் உண்டு.

ஆல்டோ, பழைய ஸ்விஃப்ட் போன்ற மாருதி கார்களின் பின்சக்கரத்தில் அந்த வசதி இல்லை. அங்கே பிரேக் டிரம்மும் (பிரேக் உள்ளிருந்து அழுத்தும் கிண்ணம் போன்ற பாகம்) ஹப்பும் ஒரே வார்ப்பு. பேரிங்கும் அதற்குள்ளேயே இருக்கிறது, ஸ்டட்களும் அதிலேயே பதிந்திருக்கின்றன. டிரம் வெளியே வந்தால்தான் ஸ்டட் வரும். நடுவிலுள்ள அச்சு நட்டு கழன்றால்தான் டிரம் வரும். மாட்டு வண்டியில் கடையாணி செய்யும் வேலையை இங்கே இந்த நட்டு செய்கிறது.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஃபியட் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அவற்றில் ஸ்டட்டே கிடையாது. சக்கரத்தின் வழியாக ஹப்புக்குள் போல்ட்டுதான் ஏறுகிறது.

கடைக்குப் போகும்போது

பழைய ஸ்டட்டைக் கையோடு கொண்டுபோங்கள். மாருதியின் ஸ்டட் 12 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. மரை இடைவெளி. ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டாவில் விட்டம் அதே 12 மி.மீ., மரை இடைவெளியோ 1.5. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தவறான நட்டு இரண்டு சுற்று வரை சமர்த்தாக ஏறிவிட்டு மூன்றாவதில் கடிக்கும். அங்கே பலம் காட்டினால் புதிய ஸ்டட்டும் போய்விடும். மரை பொருந்தினால் மட்டும் போதாது. பல் வெட்டிய பகுதியின் விட்டத்தையும் மொத்த நீளத்தையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு ஸ்டட், நான்கு சக்கர நட்டு, ஒரு புதிய அச்சு நட்டு அல்லது அது கழலாமல் குறுக்கே செருகும் ஸ்பிளிட் பின், நடு மூடி நசுங்கியிருந்தால் அதுவும் ஒன்று. பட்டியல் இவ்வளவுதான்.

கருவிகளில் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் சாக்கெட். அச்சு நட்டுக்கு ஆறு முனைச் சாக்கெட் வாங்குங்கள். பன்னிரண்டு முனையுள்ளது இறுகிய நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். நட்டின் அளவு காருக்குக் கார் வேறுபடும். 30, 32, 36 மி.மீ. எல்லாம் புழக்கத்தில் உண்டு. அளந்துவிட்டு வாங்குங்கள். சாக்கெட் மாட்டும் முனை அரை அங்குலச் சதுரமாக உள்ள மலிவான கைப்பிடி இந்த வேலையில் முறிவது புதிதல்ல. முக்கால் அங்குலச் சதுரம் கொண்டதைப் பட்டறையில் ஒரு நாள் இரவல் கேட்கலாம். ஒரு மீட்டர் நீள இரும்புக் குழாய், கனமான சுத்தியல், வெட்டிரும்பு, கம்பி பிரஷ், ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்குவிசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் கருவி), பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம் ஆகியவை வேண்டும். ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்காதீர்கள். அவை விரிசல் விட்டு எச்சரிப்பதில்லை. ஒரே நொடியில் பொடியாகிவிடும்.

முதல் நாள் மாலை

சமதளத்தில் காரை நிறுத்தி முதல் கியரில் போடுங்கள். இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்துவிட்டுச் சக்கரத்தைக் கழற்றுங்கள். டிரம்மின் நடுவில் கிண்ணம் போன்ற ஒரு மூடி இருக்கும். அதன் விளிம்பில் தட்டையான திருப்புளியை வைத்துச் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டினால் வந்துவிடும். ஒரே இடத்தில் அடித்தால் கோணிக்கொள்ளும்.

உள்ளே நட்டு தெரியும். அதன் பூட்டு இரண்டு வகை. மாடம் மாடமாக வெட்டிய நட்டின் குறுக்கே ஸ்பிளிட் பின் போயிருந்தால், அதை நிமிர்த்திக் குறடால் இழுங்கள். இன்னொரு வகையில், நட்டின் மெல்லிய கழுத்துப் பகுதியை அச்சின் பள்ளத்துக்குள் அடித்து மடக்கியிருப்பார்கள். புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மடங்கிய உதட்டைக் குறுகலான வெட்டிரும்பால் பள்ளத்திலிருந்து முழுமையாக நிமிர்த்தாமல் நட்டைத் திருகினால், அந்த உதடு அச்சின் மரையை உழுதுகொண்டே வெளியே வரும். நட்டு மலிவான பொருள். அச்சு அப்படியல்ல.

வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடியுங்கள். டபிள்யூடி-40 போன்ற எதுவானாலும் சரி. நட்டும் வாஷரும் சேரும் இடத்திலும் அடியுங்கள். அதிகம் வேண்டாம், பக்கத்திலேயே பேரிங் இருக்கிறது. சுத்தியலால் நட்டின் முகத்தில் நாலு தட்டு தட்டுங்கள். அந்த அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். இரவு முழுவதும் ஊறட்டும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஓடிய காராக இருந்தால் காலையில் இன்னொரு முறை அடியுங்கள்.

நட்டை அசைப்பது

இந்த வேலையில் என் கட்சி ஒன்றுதான்: பலம் கேட்கும் எதையும் கார் ஸ்டாண்டில் நிற்கும்போது செய்யாதீர்கள். மூடியும் பூட்டும் எடுத்தாயிற்று அல்லவா? சக்கரத்தைத் திரும்ப மாட்டி, மிச்சமுள்ள மூன்று நட்டுகளை இறுக்கி, காரைத் தரையில் இறக்கிவிடுங்கள். கார் நகராமல் நிற்கும். சக்கரத்தின் நடுத்துளை வழியே நட்டு எட்டும். அலாய் சக்கரமாக இருந்தால் நடு மூடியைப் பின்பக்கமிருந்து தள்ளி எடுத்த பிறகு மாட்டுங்கள்.

பின்சக்கரத்தின் அச்சு சுழல்வதில்லை. அது காரோடு அசையாமல் இருக்க, அதன்மேல் டிரம்தான் சுழல்கிறது. ஆகவே நட்டைத் திருகும்போது யாரும் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. முன்சக்கரத்தில் கதை வேறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெரும்பாலான கார்களில் இந்த நட்டு வலமரைதான்; இடப்புறம் திருகினால் கழலும். சந்தேகமிருந்தால் வெளியே நீளும் மரையின் சாய்வைச் சக்கர ஸ்டட்டின் மரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாக்கெட்டை முழு ஆழத்துக்கு நுழைத்து, கைப்பிடி உங்களுக்கு இடப்பக்கமாகத் தரைக்கு இணையாக நீளும்படி மாட்டுங்கள். குழாயை அதன்மேல் செருகுங்கள். இனி கீழ்நோக்கி அழுத்த வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் முதுகு பிடிக்கும். கை நழுவினால் முகத்தில் அடிபடும். சாக்கெட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே நீட்டிப்புக் கம்பி இருந்தால், அதன் வெளிமுனைக்குக் கீழே ஜாக்கி ஸ்டாண்டை முட்டுக் கொடுங்கள். அந்த முட்டு இல்லையென்றால் பாதி பலம் சாக்கெட்டைச் சாய்ப்பதிலேயே வீணாகிவிடும்.

கணக்கு எளியது. 60 கிலோ எடையுள்ளவர் 40 செ.மீ. கைப்பிடியில் முழு எடையையும் போட்டால் சுமார் 235 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைக்கும். அதே ஆள் ஒரு மீட்டர் குழாயின் முனையில் போட்டால் ஏறத்தாழ 590. ஆலையில் முறுக்கியபோது மாடலைப் பொறுத்து 100 முதல் 200-க்கு மேல் வரை இருந்திருக்கும். துருவேறிய பிறகு அதைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கேட்கலாம். பயில்வானைத் தேட வேண்டாம், குழாயைத் தேடுங்கள். எடையை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். மேலே ஏறிக் குதிக்காதீர்கள். நட்டு விட்டுக்கொடுக்கும்போது துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம் வரும். எனக்கு அந்தச் சத்தத்தில் ஏதோ முறிந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

கால் சுற்று அசைந்ததும் நிறுத்திவிடுங்கள். பேரிங்கை அழுத்திப் பிடித்திருப்பதே இந்த நட்டுதான். அது தளர்ந்த நிலையில் காரின் எடை பேரிங்கில் உட்கார்ந்திருப்பதும், கார் ஓரடி உருள்வதும் நல்லதல்ல. உடனே தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். மிச்சத்தைக் கையாலேயே கழற்றலாம்.

அப்படியும் அசையவில்லையா? கழற்றுவதற்கு மட்டும் காற்று அல்லது மின் இம்பாக்ட் கருவியைப் பயன்படுத்தலாம். அதன் இடைவிடாத தட்டல், துருவைக் குழாயைவிட நன்றாக உடைக்கும். நெருப்புக் காட்டச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளே கிரீஸ், ரப்பர் சீல், சில மாடல்களில் ஏபிஎஸ் உணரி எல்லாம் இருக்கின்றன. நீங்கள் அடித்த எண்ணெயும் எரியக்கூடியது. கடைசி வழி நட்டைப் பலியிடுவது. கை கிரைண்டரால் நட்டின் ஒரு பக்கத்தை அச்சுக்கு இணையாக, மரை தெரிவதற்குச் சற்று முன்பு வரை அறுத்து, அந்தப் பள்ளத்தில் வெட்டிரும்பை வைத்து இரண்டு அடி கொடுத்தால் நட்டு பிளந்துவிடும். எப்படியும் புதிய நட்டு போடப்போகிறோம், வருத்தப்பட ஒன்றுமில்லை.

டிரம்மை இழுப்பது

ஹேண்ட் பிரேக்கை இப்போது முழுமையாக விடுவியுங்கள். முன்சக்கரக் கட்டைகள் இடத்தில் இருக்கின்றனவா என்று இன்னொரு முறை பாருங்கள். டிரம்மை இரு கைகளாலும் பிடித்து ஆட்டி ஆட்டி இழுங்கள். பழைய டிரம்மின் உள்விளிம்பில் தேயாத மேடு ஒன்று இருக்கும். டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். அப்படியானால் பின்தகட்டின் துளை வழியாக, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். பேரிங் அச்சில் பிடித்துக்கொண்டிருந்தால் இழுவைச் சுத்தியல் (கம்பியில் வழுக்கும் எடையால் வெளிப்புறமாக இழுக்கும் கருவி) தேவைப்படும். டிரம்மின் ஓரத்தில் சுத்தியலால் ஓங்கி அடிப்பது வேண்டாம்.

டிரம் வந்ததும் இரண்டு விஷயங்கள். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். இரண்டாவது, டிரம் வெளியே இருக்கும் நேரத்தில் யாரும் பிரேக்கை மிதிக்கக் கூடாது. மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்து, ஸ்டட் வேலை பிரேக் வேலையாகிவிடும். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் கார் கதவைப் பூட்டிவிடுங்கள்.

பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைவதுபோல இருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுவது மிச்சம். இதே நட்டோடு இன்னொரு முறை யாருக்கும் மல்லுக்கட்ட ஆசை இருக்காது.

ஸ்டட்டைத் தள்ளுவதும் ஏற்றுவதும்

நான் முதலில் டிரம்மைத் தரையில் கவிழ்த்து ஸ்டட்டை அடிக்கத் தொடங்கினேன். மூன்றாவது அடிக்குள் பயம் வந்து தெருமுனை லேத் பட்டறைக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்த பெரியவர் டிரம்மை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடிக்காதே தம்பி. வார்ப்பிரும்பு அழுத்தினால் தாங்கும், அடித்தால் தாங்காது" என்றார். பிரஸ்ஸில் (அழுத்தித் தள்ளும் எந்திரம்) நான்கையும் தள்ள அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டிரம் கையில் இருக்கும்போது இதுவே நல்ல வழி என்று நினைக்கிறேன். துளையைச் சுற்றியுள்ள பகுதிக்கு நேர் கீழே, ஸ்டட்டின் தலை நுழையும் அளவுள்ள குழாய்த் துண்டை முட்டாக வைத்து அழுத்தச் சொல்லுங்கள்.

பிரஸ் கிடைக்காவிட்டால் புதியதை நட்டாலேயே இழுத்து ஏற்றலாம். துளையைத் துடைத்து, பற்களில் எண்ணெய் படாமல், ஸ்டட்டைப் பின்பக்கமிருந்து செருகுங்கள். பழைய பற்களின் தடத்தோடு புதிய பற்கள் பொருந்தும்வரை விரலால் சற்றுத் திருப்பிப் பார்த்தால் அது தானாகவே உட்காரும் இடம் தெரியும். முன்பக்கம் தடித்த வாஷர்களை நாலைந்தாக அடுக்கி, அவற்றின் நடுவே சிறிது கிரீஸ் தடவி, மேலே இருபுறமும் திறந்த சாதாரண நட்டு ஒன்றைப் போட்டு முறுக்குங்கள். காரில் மாட்டப்போகும் நட்டை இதற்குப் பலியிட வேண்டாம். டிரம் சுழலாமல் இருக்க, மற்ற இரண்டு ஸ்டட்களில் நட்டு மாட்டி அவற்றுக்குக் குறுக்கே ஒரு கம்பியைக் கொடுக்கலாம். கையால் சீராக முறுக்குங்கள், இம்பாக்ட் வேண்டாம். திடீரென்று எதிர்ப்பு கூடும் இடத்தில் தலை உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் திருப்பி, தலைக்கும் இரும்புக்கும் நடுவே தாள்கூட நுழையாதபடி இருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி விட்டு மாட்டினால், ஓட ஓட அது உள்ளே இறங்கி நட்டு தளரும். முடிந்ததும் மரையிலிருக்கும் கிரீஸைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

துளை பெருத்து ஸ்டட் கையால் சுழல்கிறதா? "தலையில் ஒரு வெல்டிங் வைத்துவிடலாம்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். கேட்காதீர்கள். வெல்டிங் சூடு ஸ்டட்டின் பதத்தையும் கெடுக்கும், வார்ப்பிரும்பிலும் விரிசல் உண்டாக்கும். டிரம்மை மாற்றுவதே வழி.

திரும்ப மாட்டுவது

டிரம்மின் உள்முகத்தில் கிரீஸ் படாமல் அச்சில் ஏற்றி, வாஷரையும் புதிய நட்டையும் போட்டு, ஸ்டாண்டில் இருக்கும்போதே கைக்கு எட்டிய அளவு இறுக்குங்கள். சக்கரத்தை மாட்டித் தரையில் இறக்கி, உங்கள் மாடலின் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். குத்துமதிப்பு வேண்டாம். குறைந்தால் பேரிங் ஆடும், கூடினால் சீக்கிரம் தேயும். பழைய கையேட்டில் அளவு கிலோகிராம்-மீட்டரில் (kg-m) இருந்தால், நியூட்டன் மீட்டராக்க 9.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். மீண்டும் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றி, நட்டின் உதட்டை மழுங்கிய முனையுள்ள பஞ்ச் கருவியால் பள்ளத்துக்குள் அடித்து மடக்குங்கள். அல்லது புதிய ஸ்பிளிட் பின்னைப் போடுங்கள். இத்தனை முறை ஏற்றி இறக்குவது அலுப்பாகத்தான் இருக்கும். மூடியைத் தட்டி மாட்டிவிட்டு, அட்ஜஸ்டரைத் தளர்த்தியிருந்தால் திரும்ப வைத்து, பிரேக்கை இறுகும்வரை பலமுறை மிதியுங்கள். டிரம் தடையில்லாமல் சுற்றுகிறதா, ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

சக்கரம் உட்காரும் முகத்திலுள்ள துருவை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். நட்டுகளைக் கையால் நாலைந்து சுற்று ஏற்றிய பிறகே கருவியைத் தொடுங்கள். எதிரெதிராக இறுக்கி, கடைசியாகத் தரையில் வைத்து டார்க் பாருங்கள். சிறிய கார்களுக்குப் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். சரியான எண் உங்கள் கையேட்டில் இருக்கும். மரையில் எண்ணெய் தடவாதீர்கள். உராய்வு குறைவதால், ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போதே ஸ்டட் கூடுதலாக நீண்டிருக்கும்.

முன்சக்கரமாக இருந்தால்

அங்கே அச்சு சுழல்கிறது. ஆகவே நட்டைத் திருகும்போது ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டையும் வேண்டும். இடப்புறச் சக்கரத்தின் நட்டைக் கழற்றும்போது கார் முன்னோக்கி உருளப் பார்க்கும், வலப்புறத்தில் பின்னோக்கி. கட்டையை அதற்கேற்ப வையுங்கள். நட்டு வந்த பிறகு டிரைவ் ஷாஃப்ட் (இஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் தண்டு) ஹப்பின் பற்களில் துருவால் பிடித்திருந்தால், பழைய நட்டை ஷாஃப்ட்டின் முனைக்குச் சமமாக ஏற்றி, மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள். ஷாஃப்ட்டை நேரடியாக அடித்தால் முனை காளான்போல விரிந்துவிடும். ஷாஃப்ட்டை வெளியே இழுக்கவும் கூடாது, தொங்கவிடவும் கூடாது. உள்மூட்டு கழன்றுகொள்ளலாம், கியர் பெட்டியிலிருந்து எண்ணெயும் கொட்டலாம். கம்பியால் கட்டித் தூக்கி வையுங்கள். பல கார்களில் ஹப்பைப் பேரிங்கிலிருந்து பிரிக்கும்போது பேரிங் கெட்டுவிடும். பிரஸ் இல்லாமல் திரும்ப ஏற்றவும் முடியாது. முதல் முறையாகச் செய்பவர் முன்சக்கரத்தில் இந்தக் கட்டத்தோடு நிறுத்தி, மிச்சத்தைப் பட்டறைக்கு விடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புதிய ஸ்டட் போட்ட சக்கரத்தை 50 முதல் 100 கி.மீ. ஓட்டிய பிறகு மறுபடி டார்க் பாருங்கள். எனக்கு மூன்று நட்டுகள் அசையவே இல்லை. நான்காவது கால் சுற்று ஏறியது.